மேனிக் குறிகள்: தொய்யில், பொறி, பச்சை

1. முன்னுரை

உடம்பின்மேற் குறி எழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று என்பர். இக்கூற்று உண்மையே. ஆயினும், எக்குறி, எவரால் இடப்பட்டது, எத்துணைக் காலம் நிற்பது என்னும் வினாக்களை எழுப்பாது இதனை வாளா கூறிச் செல்லுதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. அண்மைக் காலத்தே பச்சை குத்திக்கொள்ளுதல் நகரத்து இளைஞரிடைப் பெருகியிருத்தலின், அதற்குத் தொன்மை தேடுவார் சங்க இலக்கியத்துத் தொய்யிலைச் சான்றாகக் காட்டுகின்றனர். வகுப்பறையிலும் மேடையிலும் இக்கருத்துப் பலகாலும் ஒலிக்கக் கேட்கின்றோம். இஃது எத்துணைப் பொருந்தும் என்று ஆராய்தல் இக்கட்டுரையின் முதல் நோக்கம். பச்சை என்னும் குறியைக் கற்றோர் இதுகாறும் மதித்த முறை சரியா என்று வினவுதல் இரண்டாவது நோக்கம். இரண்டாவதற்கு மறுமொழி கூறும் கடப்பாடு எனக்குத் தனியேயும் உண்டு என்பதைப் பின்னர்க் காண்பர்.

தமிழில் மேனிக் குறிகளைத் தொழில்வகையான் மூன்றாகப் பகுக்கலாம். எழுதப்படுவது ஒன்று, அது தொய்யில். ஒற்றப்படுவது ஒன்று, அது பொறி. குத்தப்படுவது ஒன்று, அது பச்சை. முதலது நீரால் அழியும். இரண்டாவது நெருப்பாற் பதியும். மூன்றாவது குருதியோடு கலந்து தோலின்கீழ் நிற்கும். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளுதலே குழப்பத்திற்கெல்லாம் முதல்.

2. தொய்யில் பச்சையன்று

சந்தனக் குழம்பு முதலியவற்றால் மகளிர் மார்பிலும் தோளிலும் எழுதப்படும் கோலமே தொய்யில். அகராதிகளும் உரைகளும் இப்பொருளிலேயே நிற்கின்றன. சொற்பொருள் ஒன்றையே நம்பி வாதிடுதல் வேண்டா. இலக்கியத்துள் அச்சொல் ஆற்றும் பணியை நோக்குவோம்.

சிலப்பதிகாரத்து மனையறம் படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் கூடியிருந்த பள்ளியறையை இளங்கோவடிகள் காட்டுகின்றார். ஆண்டுக் கண்ணகியின் தோளிற் கரும்பும் கொடியும் எழுதப்படுகின்றன. பின்னர் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிற் கோவலனைப் பிரிந்த கண்ணகியை நாம் காண்கின்றோம். அவள் சிலம்பு அணிந்திலள்; மேகலை அணிந்திலள்; மார்பிற் குங்குமமும் எழுதிலள். முன்னர் எழுதப்பட்டமை கூறிப் பின்னர் எழுதாமை கூறுகின்றார் அடிகள். பிரிவின் துயரத்தை எழுதாமையாலேயே நம் நெஞ்சிற் பதிக்கின்றார். தோளிலும் மார்பிலும் உள்ள கோலம் அழியாத பச்சையாயின் இந்த நயம் எங்ஙனம் அமையும்? கணவன் பிரிந்தான் என்று பச்சை மறையாது. பிரிவிலும் பச்சை கையில் நிற்கும். தொய்யிலோ நாள்தோறும் எழுதுவார் இருந்தால்தான் நிற்கும். எழுதும் கை அகன்றபின் எழுதாத மேனியே துயரின் சான்றாகின்றது.

குறுந்தொகையின் 276ஆம் பாட்டு இதனினும் கூர்மையானது. தோழி தன் வேண்டுகோளை மறுத்தபோது தலைவன் தன் ஆற்றாமை மிகுதியாற் கூறுவது அப்பாட்டு. தலைவிக்குப் பாவை செய்து தந்ததும், அவள் மார்பில் ஒளிபெறத் தொய்யில் எழுதியதும் அவளைக் காப்போர் அறியார் என்கின்றான். முறை வழுவாத அரசனது அவையத்தே இதனை எடுத்துக் கூறித் தான் வழக்கிட்டால் என்னாகும் என்று வினவுகின்றான். ஈண்டுத் தொய்யில் ஓர் உரிமைச் சான்று. வழக்கில் ஆவணம் காட்டுவான் போலத் தலைவன் அதனைக் காட்ட எண்ணுகின்றான். ஆயின் அவன் காட்ட நினைக்கும் ஆவணம் எத்தகையது? ஒருமுறை சுனையாடினால் அழிந்துபோவது. அழியும் சான்றைக்கொண்டு அழியா உரிமையை நிலைநாட்ட முனைகின்றான். அவன் ஆற்றாமையின் ஆழம் இதனாலன்றோ புலனாகின்றது? தொய்யிலைப் பச்சையெனக் கொண்டு இப்பாட்டைப் படிப்பார்க்குத் தலைவன் வலிய வழக்காளியாகத் தோன்றுவான். அவனது இரக்கத்தக்க நிலை தோன்றாது. பாட்டே கெடும்.

எனவே, தொய்யிலின் அழகு அதன் நிலையாமையில் உள்ளது என்க. இதனாற் சங்ககாலத் தமிழர் பச்சை குத்திக்கொண்டதே இல்லை என்று முடிவு கூறுதல் எம் கருத்தன்று. தொய்யில் அதற்குச் சான்றாகாது என்பதே எம் கருத்து.

பச்சை என்னும் சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறுதல் நன்று. பொருநராற்றுப்படையில் யாழின் பத்தரைப் போர்த்த தோல் பச்சை எனப்படுகின்றது. இதனைக் கண்டு, தோலிற் குத்துதலாற் பச்சை குத்துதல் எனப் பெயர் பெற்றது என விரைந்து உரைப்பாரும் உளர். இது பொருந்தாது. கரிய மை தோலின்கீழ்ச் சென்றபின் பசிய நிறமாய்த் தோன்றுதலின் அப்பெயர் எய்திற்று என்பதே நேரிய விளக்கம். சொல்லொப்புமை காட்டிப் பொருளொப்புமை கூறுதல் ஆராய்ச்சியாகாது.

3. பொறியும் ஆட்படுதலும்

அழியாக் குறிக்கு நம் இலக்கியத்துச் சான்று இல்லையோ எனின், உண்டு. அது காதற்பாட்டில் இல்லை. பத்திப் பாட்டிலும் அடியார் வரலாற்றிலும் உள்ளது.

பெரியாழ்வார் திருப்பல்லாண்டிலே, கோயிலின் ஆழிப்பொறி ஒற்றப்பெற்றுத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டு செய்து வரும் குடியினராகத் தம்மைக் கூறிக்கொள்கின்றார். வைணவர் ஏற்கும் ஐவகைத் தூய்மைச் சடங்குகளுள் வலத்தோளில் ஆழியும் இடத்தோளிற் சங்கும் சூடேற்றி ஒற்றுதல் முதலாவது. இவ்வழக்கம் இன்றும் உள்ளது.

சேக்கிழார் பெரியபுராணத்தே கூறும் செய்தி இதனினும் நுண்ணியது. சமண் சமயத்தே வாழ்ந்து மீண்ட திருநாவுக்கரசர் பெண்ணாகடத்துத் தூங்கானை மாடத்தை அடைகின்றார். பிற சமயத் தொடர்பு கொண்ட இவ்வுடம்போடு உயிர் வாழத் தரியேன் என்றும், சூலமும் விடையும் இதன்மேற் பொறித்தருளல் வேண்டும் என்றும் இறைவனிடம் விண்ணப்பிக்கின்றார். பிறர் அறியாதவாறு ஒரு பூதம் வந்து அவர் தோளில் அக்குறிகளைப் பொறிக்கின்றது, அவர் மகிழ்கின்றார்.

சுந்தரர் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். சுந்தரரை இறைவன் ஆவண ஓலை காட்டி ஆட்கொண்டான். ஆண்டு வழக்கிட்டவன் இறைவன், மறுத்தவர் அடியார். நாவரசர் வரலாற்றிலோ தம்மை உடைமையாக்குக என வேண்டுபவர் அடியாரே. ஓலையில் எழுதும் உடைமை ஒருவகை; உடம்பில் எழுதும் உடைமை மற்றொருவகை. பின்னதை ஒருவர் தாமே விழைந்து கேட்கும்போது அது விடுதலையாகின்றது. பழைய வாழ்வினின்று உடம்பை மீட்டுத் தருவது அக்குறி.

ஆயின், கேளாதார் உடம்பில் இடப்படும் பொறி எத்தகையது? சோழர்காலக் கோயிற் பணிக்குரிய தேவரடியாருட் சிலர்க்குச் சூலக்குறி இடப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சூலம் ஒன்றே, நாவரசர் தோளிலும் உள்ளது, அப்பெண்டிர் உடம்பிலும் உள்ளது. ஆயினும் இரண்டையும் ஒன்றாகக் கருத நம் நெஞ்சம் ஒருப்படுமா? ஆங்கிலக் கும்பினி ஆட்சியிற் குற்றவாளிகளின் நெற்றியிற் குற்றத்தின் பெயரைப் பச்சையாகக் குத்தும் தண்டனை இருந்தது. 1849இல் அது நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தே ஆசுவிட்சு வதைமுகாமிற் சிறைப்பட்டார் மேனியில் எண்களைக் குத்தினர். இவையெல்லாம் பெயரை அழித்து உடைமையாக்கும் குறிகள். ஆகவே மேனிக் குறியை மதிப்பிடுவார் முதற்கண் கேட்க வேண்டிய வினா, குறி யாது என்பதன்று. குறி யாருடையது என்பதே.

4. பச்சையும் அதனை இட்டோரும்

இனிப் பச்சைக்கு வருவோம். காவிரிப் படுகையின் ஊர்களில் இத்தொழிலைப் பெரிதும் செய்தோர் ஊர் ஊராகச் சென்ற குறவர் குலப் பெண்டிர். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படிந்த கரியை வழித்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மை ஆக்குவர். மூன்று நான்கு ஊசிகளை நூலாற் சேர்த்துக் கட்டி, எழுதிய கோட்டின்மேல் விரைந்து குத்துவர். வலி தோன்றாதிருக்கப் பாட்டுப் பாடுவர். குத்தி முடித்தபின் நீர்விட்டுக் கழுவி மஞ்சள் தடவுவர். நெல்லும் பழந்துணியும் வெற்றிலைபாக்கும் சில காசும் கூலியாகும். எட்கர் தர்சுடன் சென்னை அருங்காட்சியகத்திற்காக எழுதிய குறிப்புகளிலும் 1909இல் வெளிவந்த தம் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இத்தகைய செய்திகளைப் பதிந்துள்ளார்.

பச்சையில் தேளும் உண்டு, பூவும் உண்டு, பெயரும் உண்டு. ஆயினும் தமிழ்ப்பெண்டிர் கையிற் சிறந்து நின்றது புள்ளியைச் சுற்றி இடையறாது ஓடும் கோலமே. வாயிலில் நாள்தோறும் இட்டு நாள்தோறும் மிதிபட்டு அழியும் கோலமும், கையில் ஒருமுறை குத்தி என்றும் அழியாத கோலமும் வடிவால் ஒன்றே. சான் லேயர்டு என்னும் மானிடவியலறிஞர் 1937இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். பசிபிக்குப் பெருங்கடலின் மலேகுலாத் தீவினர், இறந்தார் மறுமைக்குச் செல்லும் வழியில் ஒரு கோலத்தை நிறைவு செய்தல் வேண்டும் என நம்புவர். அந்நம்பிக்கையோடு தமிழ்க்கோலத்தை அவர் இணைத்துக் காட்டினார். இத்துணைத் தொலைவிலுள்ள இரு நாடுகளை இணைத்தமை முற்றும் ஏற்கத்தக்கதா என ஐயுறலாம். ஆனால் வாயிற்கோலத்தையும் கைக்கோலத்தையும் ஒன்றாகக் கண்ட அவர் கண் நுண்ணியது. வாயிலும் எல்லை, தோலும் எல்லை. எல்லையைக் காத்தற்கே கோலம்.

பச்சை இறப்போடு தொடர்புடையது என்பது நம் ஊர்ப் பெண்டிர் வாய்மொழியாலும் விளங்கும். கழுத்திலும் காதிலும் உள்ள பொன்னை இறந்தபின் கழற்றிக்கொள்வர். பச்சை ஒன்றே கூட வரும் நகை என்பது அவர் கொள்கை. நிலமும் பொன்னும் தம் பெயரில் இல்லாதார் கொண்ட கொள்கை இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தஞ்சைத் தரணியின் நெல்வயலில் நாற்றுப் பறித்தும் நட்டும் களை எடுத்தும் வாழ்ந்த பெண்ணுக்குப் பிறர் எவரும் ஈடு வைக்கவோ விற்கவோ பங்கிடவோ இயலாத அணிகலன் இஃதொன்றே.

இப்பச்சையை இட்ட கைகளின் நிலை யாது? குறத்தியை நம் இலக்கியம் அறியும். குறி சொல்லும் குறத்தி குறவஞ்சி நாடகங்களின் தலைமைப் பாத்திரம்; தஞ்சையிலேயே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அரங்கேறி ஆடப்பட்டது. குறி சொல்லுதலைப் பாடிய புலவர்க்கு அவள் குறி இடுதலும் செய்தாள் என்பது பாடுபொருளாகச் சிறக்கவில்லை. அரசோ இன்னும் ஒருபடி சென்றது. குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911 முதற் சென்னை மாகாணத்திற் செயற்பட்டபோது குறவருட் பல பிரிவினர் அதன்கீழ்க் கொணரப்பட்டனர். பின்னர் அது ஒழிந்தது. 1952இல் நாடெங்கும் நீங்கிற்று. ஊரார் கையிலெல்லாம் அழகிய கோலம் இட்டவர்மேல் அரசு இட்ட குறி குற்றம் என்பது.

5. ஏட்டுப் பிழையும் கைப் பிழையும்

இனி என் கடப்பாட்டைக் கூறுவேன். யான் பிறந்த ஊர் திருக்கடையூர். பழைய தஞ்சை மாவட்டத்து ஊராய் இருந்து, 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துட் சென்று, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்ததாயிற்று. கண்ணகியின் தோளிற் கரும்பு எழுதப்பட்ட பூம்புகார் அதற்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது. காலனைக் காலால் உதைத்த வீரட்டம் ஆதலின், அறுபதாம் ஆண்டும் எண்பதாம் ஆண்டும் நிறைந்தோர் பல ஊரினின்றும் ஈண்டு வந்து மக்கள் சூழ மீண்டும் மணம் செய்துகொள்வர். அங்ஙனம் வந்து அமரும் மூதாட்டியர் பலர் கையிற் பட்டுப் புடைவையின் கரைக்குக் கீழே பச்சையைக் காணலாம். இளம்பருவத்தே அவ்வழியே பள்ளிக்குச் சென்ற யான் அதனைக் கண்டும் காணாதேன்.

என் தாயார்க்கும் பச்சை உண்டு. முன்கையில் ஒரு கோலம். அதன்கீழ் அவர் தமக்கையார் பெயர். தமக்கையும் தங்கையும் ஒரே நாளில் ஒருவர் பெயரை ஒருவர் கையிற் குத்திக்கொண்டனர். அப்போது என் தாயார்க்கு வயது பத்து. தமக்கையார் மறு ஆண்டே இறந்தார். என் தாயார் எழுதப் படிக்க அறியார். அப்பெயரில் லகரம் நிற்க வேண்டிய இடத்தில் ளகரம் நிற்கின்றது.

கல்லூரியிற் புகுந்து தமிழ் இளங்கலை பயின்ற முதலாண்டில் யான் அப்பிழையைக் கண்டேன்; கண்டு சிரித்தேன். பின்னர்ப் பரிசளிப்பு விழா ஒன்றிற்குத் தாயார் வந்தபோது, கையை மூடிக்கொண்டு வருமாறு கூறினேன். அவர் மறுமொழி கூறவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. ஏடுகளோடு பழகும் பணி எனக்கு வாய்த்தது. 1892இற் சிலப்பதிகாரத்தையும் 1937இற் குறுந்தொகையையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடெழுதினோர் செய்த பிழைகளை எத்துணைப் பொறுமையோடு நோக்கினார் என்பதை மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கூறி வருகின்றேன். லகர ளகர மயக்கம் ஏட்டில் வரின் அதனை இழித்துரையோம். பாட வேறுபாடு என்போம். எழுதினோரது நாட்டையும் நாவையும் காட்டும் சான்று என்போம். அடிக்குறிப்பில் இடம் தருவோம். எழுத்தாணி செய்த பிழைக்கு இத்துணைச் சிறப்பு. ஊசி செய்த பிழைக்கோ நகைப்பு. ஓலையின்மேல் உள்ளதனை எழுத்தெனவும், உழைக்கும் பெண்ணின் கைமேல் உள்ளதனை அழுக்கெனவும் கொண்ட இக்குறைபாடு என் ஒருவனுடையது மட்டுமன்று. தமிழ் கற்றோர் பலரிடத்தும் இஃது உண்டு. பச்சையைப் பற்றி நம் ஏட்டிலக்கியம் பெரிதும் வாய் வாளாதிருத்தற்கு இதுவே காரணம் எனக் கருதுகின்றேன். தலைவன் தலைவியின் தோளில் எழுதியதைப் பாடினர். இறைவன் அடியார் தோளிற் பொறித்ததைப் பாடினர். ஏதிலாப் பெண் ஒருத்தி ஏழைப் பெண்ணின் கையில் இட்டதைப் பாடிலர்.

அண்மையில் என் தந்தையாரின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழா கடவூர்க் கோயிலில் நிகழ்ந்தது. நிழற்படம் எடுப்பார் வந்தபோது தாயார் புடைவைத் தலைப்பால் முன்கையை மூடிக்கொண்டார். ஏன் அம்மா என்று வினவினேன். “நீ அன்னிக்கு மூடிக்கச் சொன்னியேப்பா” என்றார். அவர் சொல்லிற் சினம் இல்லை. முப்பது ஆண்டுகள் அவர் என் சொல்லைக் காத்து வந்திருக்கின்றார். மேனியில் இடும் குறி ஒன்று. நெஞ்சில் இடும் குறி மற்றொன்று. பின்னதை இட்டவன் யான்.

குத்தியபோது வலித்ததா, நீங்களே விரும்பினீர்களா என்று அன்று கேட்டேன். “பிடிச்சு உக்கார வச்சாங்க. அழுதேன். அப்புறம் அக்கா போனதும், அதைத்தான் பாத்துப் பாத்து இருந்தேன்” என்றார். இவ்விடை என் முந்திய கருத்தை ஒருவாறு திருத்திற்று. நாவரசர் குறியைக் கேட்டுப் பெற்றார். குற்றவாளி கேளாமற் பெற்றான். இவ்விரண்டே வகை எனக் கொண்டிருந்தேன். என் தாயார் இரண்டிலும் அடங்கிலர். இட்ட பொழுதில் அவர் உடன்பாடு இல்லை. தாங்கிய காலத்தில் அது அவர் உரிமையாயிற்று. குறியின் பொருளைக் குத்திய நாள் மட்டும் வரையறுப்பதில்லை. சுமந்த வாழ்வும் வரையறுக்கின்றது. சிறையிட்டார் குத்திய எண்ணை ஒருவன் எத்துணை ஆண்டு சுமப்பினும் அது பகைவன் குறியே. தமக்கையின் பெயரோ ஆண்டுதோறும் தன்னதாகின்றது. ஆதலின், குறி யாருடையது என்னும் வினாவோடு, யாரோடு உள்ள உறவைக் காட்டுவது என்னும் வினாவும் சேர்தல் வேண்டும்.

6. இக்காலத்துக் குறிகள்

இவ்விரு வினாக்களையும் கொண்டு இக்கால வழக்கத்தை நோக்குவோம். ‘டாட்டூ’ என இன்று வழங்கும் சொல் பாலினேசிய மொழியினின்று வந்தது. 1769இல் தாகித்தித் தீவை அடைந்த குக்கு என்னும் மாலுமியின் பயணக் குறிப்புகள் வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்தது. இன்று நகரத்து இளைஞர் ‘டாட்டூ’ என்பர். பாட்டியின் கையில் உள்ளதைப் பச்சை என்பர். செயல் ஒன்று, பெயர் இரண்டு. முன்னதற்கு மதிப்பு உண்டு, பின்னதற்கு இல்லை. பிறமொழிப் பெயர் பெற்றதும் அதே செயல் நாகரிகமாயிற்று. அதற்குத் தொன்மை தேடிச் சங்க இலக்கியம் புகுவார், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்த பாட்டியின் கையை நோக்காமை வியப்பே.

ஆயினும் இளைஞரை இகழ்தல் நம் நோக்கமன்று. தலைவரது முகத்தையும் கட்சிக் கொடியையும் தொண்டர் பச்சை குத்திக்கொண்டதை நம் காலத்துத் தமிழகம் கண்டது. அது பெரியாழ்வார் கூறிய ஆட்படுதலின் வழிவந்தது. எனினும் கோயிற்பொறியைத் தந்தவன் மாறாத் தலைவன். கட்சித் தலைவரோ மாறுவர், தொண்டரும் மாறுவர், கை மட்டும் மாறாது. என் மாணாக்கர் ஒருவர் இறந்த தம் தாயின் கையெழுத்தை அவ்வாறே கையிற் குத்திக்கொண்டுள்ளார். கடைக்குச் செல்லும்போது தாய் எழுதித் தந்த ஒரு சீட்டிலிருந்து எடுத்த எழுத்து அது. அதனைக் கண்டபோது எனக்கு என் தாயார் கை நினைவிற்கு வந்தது. ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியிலும் குறியின் பொருள் மாறவில்லை. வேறு சிலர், கடையில் தொங்கும் பலகையைப் பார்த்துத் தமக்குப் பொருள் விளங்காத வடிவத்தைத் தெரிந்துகொள்கின்றனர். ஒளிக்கதிரால் அதனை அழிக்கவும் பின்னர் விழைகின்றனர். அக்குறி எவரோடும் உறவு கொண்டதன்று. அழகிற்காக எழுதப்படுவது குறையன்று. அழகொன்றே வேண்டுமாயின் நம் முன்னோர் அதற்கு அழியும் தொய்யிலை வகுத்தனர். அழியாமை வேண்டுவார்க்கு அழியாத காரணம் ஒன்று வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தொய்யில் பச்சைக்கு முன்னோடி என்னும் கருத்துப் பொருந்தாது என்பதும், பச்சையின் பொருள் இடுவோர், ஏற்போர், சுமக்கும் காலம் ஆகியவற்றின் உறவால் அமைவது என்பதும், அதனைக் கற்றோர் புறக்கணித்தமை ஆராய்ச்சிக் குறைபாடு என்பதும் பெறப்படும்.

பெர்சி மாக்வீன் திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி. வா. சகந்நாதன் மலையருவி என 1958இலும், நா. வானமாமலை தாம் தொகுத்தவற்றைத் தமிழர் நாட்டுப்பாடல்கள் என 1964இலும் வெளியிட்டபோது, எழுதாக் கவிதைக்கு நம் செவிகள் திறந்தன. அதுபோல எழுதிய கைகளுக்கு நம் கண்கள் திறத்தல் வேண்டும். பச்சை தாங்கிய மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஓலைச்சுவடி செல்லரித்தாலும் ஒரு படி வேறிடத்துக் கிடைக்கலாம்; இச்சுவடிக்கு வேறு படி இல்லை; உடையவரோடு தீயிற் செல்வது. முதுகலை மாணாக்கர் தத்தம் ஊரிற் பத்துக் கைகளையேனும் உரியவர் இசைவு பெற்றுப் படி எடுத்தல் வேண்டும். கோலத்தின் புள்ளிக் கணக்கு, எழுத்தின் வடிவம், குத்திய வயது, குத்தினோர் வந்த ஊர், அதனைப் பற்றி உடையவரே கூறும் சொல் ஆகிய இவற்றைப் பதிதல் வேண்டும். பிழையைத் திருத்தாது பதிதல் வேண்டும்.

திருக்கடவூர் இறைவன் திருமேனியில், மார்க்கண்டன்மேல் காலன் வீசிய கயிறு பட்ட தழும்பு உள்ளது என்பர். திருமுழுக்கின்போது அதனைக் காணலாம் என்று எம் ஊரார் காட்டுவர். தன்னைப் பற்றிக்கொண்ட ஒரு சிறுவனை விடாமையாற் பெற்ற தழும்பு அது. அதனை எவரும் மூடுவதில்லை. என் தாயார் கையையும் இப்போது படி எடுத்துள்ளேன். லகரம் நிற்கும் இடத்தில் ளகரம் உள்ளவாறே எழுதியுள்ளேன்.